எம்.ஆர்.ஐ.க்கான காந்த நானோதுகள்: உருவாக்குவது, மேற்பூச்சு இடுவது, சோதிப்பது – முழுமையான வழிகாட்டி

இரும்பு ஆக்சைடு நானோதுகளை உருவாக்குவது ஒரு மதியப் பொழுதில் முடியும் வேலை. இரண்டு இரும்பு உப்பு, கொஞ்சம் அம்மோனியா, ஒரு ஹாட் பிளேட் இருந்தால் கறுப்புத் துகள் வந்துவிடும். அந்தத் துகளை உப்பும் புரதமும் நிறைந்த ரத்தத்தில் கட்டிதட்டாமல் மிதக்க வைப்பதுதான் கடினம். இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் உழைப்பில் முக்கால் பங்கைத் துகள் உருவாக்குவதிலேயே செலவிட்டுவிட்டு, மேற்பூச்சைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். நான் சொல்வது நேர்மாறு: எந்த மேற்பூச்சு வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், துகளை அதற்கேற்பச் செய்யுங்கள்.

கீழே உள்ளவை ஆய்வகப் பயன்பாட்டுக்கான முறைகள். இப்படிச் செய்ததை எந்த மனிதர் உடலிலும் செலுத்தக் கூடாது. விலங்குகளில் பயன்படுத்தவும் நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும்.

எதற்காகச் செய்கிறோம்?

எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிவது பெரும்பாலும் உடலில் உள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கரு. இரும்பு ஆக்சைடுத் துகள் தன்னைச் சுற்றியுள்ள காந்தப் புலத்தைக் குலைப்பதால், பக்கத்தில் அலையும் நீர் மூலக்கூறுகளின் டி2 தளர்வு நேரம் (எம்.ஆர்.ஐ. சமிக்ஞை மங்கி மறைய எடுக்கும் நேரம்) குறையும். படத்தில் அந்த இடம் கறுக்கும். கல்லீரலில் உள்ள குப்ஃபர் செல்கள் ரத்தத்தில் வரும் துகள்களை விழுங்கிக்கொள்ளும். வேறு இடத்திலிருந்து கல்லீரலுக்குப் பரவிய புற்றுக்கட்டியில் அந்த செல்கள் இருக்காது. அதனால் நல்ல கல்லீரல் கறுத்து, கட்டி வெளிச்சமாகத் துருத்திக்கொண்டு தெரியும். 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெரிடெக்ஸ் இந்த அடிப்படையில்தான் வேலை செய்தது. அது டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலி பூசிய துகள். பிறகு வந்த ரெசோவிஸ்ட்டில் கார்பாக்சிடெக்ஸ்ட்ரான் பூச்சு.

இன்னும் சிறிய துகள் என்றால் கல்லீரலில் உடனே சிக்காது. ரத்தத்தில் சுற்றி, நிணநீர் முடிச்சுகள் வரை போகும். ஃபெருமாக்ஸ்ட்ரான்-10 என்ற துகளைக் கொண்டு புராஸ்டேட் புற்றுநோய் பரவிய முடிச்சுகளைக் கண்டறியலாம் என்று 2003-இல் வெளியான ஆய்வு இத்துறையில் பெரிய திருப்பம். 2009-இல் ஃபெருமாக்ஸிடால் அனுமதி பெற்றது, ஆனால் சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கான இரும்பு மருந்தாக. எம்.ஆர்.ஐ.யில் வழக்கமாகச் செலுத்தும் கடோலினியம் மருந்தைக் கொடுக்கத் தயங்கவேண்டிய சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தநாளப் படம் எடுக்க, கதிரியக்க மருத்துவர்கள் அதையே பயன்படுத்துகிறார்கள். கடுமையான ஒவ்வாமை வரக்கூடும் என்று 2015-இல் அதன் மீது உச்ச எச்சரிக்கையும் சேர்ந்தது. உடல் முதலில் தொட்டுப் பார்ப்பது மேற்பூச்சைத்தான் என்பதால், பூச்சைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆக, இலக்கை வைத்து அளவை முடிவு செய்யுங்கள். கல்லீரலுக்கு என்றால் பூச்சோடு சேர்த்து 60 முதல் 150 நானோமீட்டர். ரத்தநாளம், நிணநீர் முடிச்சு என்றால் 20 முதல் 40. கறுப்புக்குப் பதில் வெளிச்சமான டி1 படம் வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் இரும்பு ஆக்சைடு 3, 4 நானோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. எதற்குமே ஒரு பொது நிபந்தனை உண்டு: தனித்தனி மேக்னடைட் (காந்தத்தன்மை கொண்ட கறுப்பு இரும்பு ஆக்சைடு) படிகம் ஏறத்தாழ 20 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் வெளிக்காந்தம் இருக்கும்போது மட்டும் காந்தமாகி, எடுத்ததும் காந்தத்தன்மையை விட்டுவிடும். சூப்பர் பாராகாந்தம் என்பது இதுதான். இல்லாவிட்டால் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ரத்தக்குழாயிலேயே திரண்டுவிடும்.

எந்த வழி?

பரவலான வழிகள் இரண்டு. ஒன்று, நீரிலேயே செய்யும் இணை வீழ்படிவு முறை. பிரான்ஸின் ரெனே மசார் 1981-இல் வெளியிட்டது. மலிவு, வேகம், நச்சுக் கரைப்பான் கிடையாது. குறை என்னவென்றால் 5 முதல் 15 நானோமீட்டர் வரை எல்லா அளவும் கலந்தே வரும். மற்றது, அதிக வெப்பத்தில் கரிமக் கரைப்பானில் செய்யும் வெப்பச் சிதைவு முறை. அளவு அச்செடுத்ததுபோல ஒன்றாக இருக்கும். ஆனால் துகள் எண்ணெயில் மட்டுமே கரையும். நீருக்குக் கொண்டுவர இன்னொரு போராட்டம். முதல் முறை செய்பவர்கள் இணை வீழ்படிவில் தொடங்குவதே நல்லது. உலகில் மனிதர்களுக்குக் கொடுக்கப்பட்ட இரும்பு ஆக்சைடு மருந்துகள் நீர்வழி முறையில் வந்தவைதான்.

படி 1: உப்புகளும் தண்ணீரும்

ஃபெரஸ் (இரும்பு +2) அயனி ஒன்றுக்கு ஃபெரிக் (இரும்பு +3) அயனி இரண்டு. இந்த விகிதம் பிசகினால் மேக்னடைட்டுக்குப் பதில் துருவின் உறவினர்கள் வருவார்கள். ஒரு நடைமுறை அளவு: ஃபெரிக் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 2.70 கிராம் (10 மில்லிமோல்), ஃபெரஸ் குளோரைடு டெட்ராஹைட்ரேட் 0.99 கிராம் (5 மில்லிமோல்), தண்ணீர் 100 மி.லி. முழுதும் வினைபுரிந்தால் சுமார் 1.16 கிராம் மேக்னடைட் கிடைக்க வேண்டும்.

எடை போடுவதற்கு முன் பாட்டிலைக் கூர்ந்து பாருங்கள். ஃபெரஸ் குளோரைடு வெளிர் பச்சையாக இருக்க வேண்டும். ஓரங்களில் மஞ்சளோ பழுப்போ ஏறியிருந்தால் அதில் ஒரு பகுதி ஏற்கெனவே ஃபெரிக்காக மாறிவிட்டது. நீங்கள் எவ்வளவு துல்லியமாக நிறுத்தாலும் 1:2 விகிதம் கிடைக்காது. ஃபெரிக் குளோரைடின் சிக்கல் வேறு: மஞ்சள்-பழுப்புக் கட்டிகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, தராசுத் தட்டிலேயே நசநசவென்று ஆகிவிடும். மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் இது பெரிய தொல்லை. தட்டில் வைத்து அரை கிராம் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்காமல் சட்டென்று நிறுத்து முடித்து, பாட்டிலை உடனே மூடி டெசிகேட்டரில் (ஈரம் புகாத கண்ணாடிக் கலம்) வையுங்கள்.

அயனி நீக்கிய தண்ணீரில் நைட்ரஜனை அரை மணி நேரம் குமிழவிட்டு ஆக்சிஜனை வெளியேற்றுங்கள். உப்புகளைக் கரைப்பது அதற்குப் பிறகுதான்.

படி 2: வீழ்படிவு

மூன்று கழுத்துக் குடுவை, நடுக் கழுத்தில் ஓவர்ஹெட் ஸ்டிரர், ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் அம்மோனியா சேர்க்க வழி. சாதாரண மேக்னடிக் ஸ்டிரர் இங்கே உதவாது: உருவாகும் துகளெல்லாம் காந்தக் கட்டையில் போய் அப்பிக்கொள்ளும், கலக்கலும் நின்றுவிடும். எல்லாம் ஃபியூம் ஹுட்டுக்குள். அடர் அம்மோனியாவின் ஆவி கண்ணையும் தொண்டையையும் உடனே தாக்கும்; கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

கரைசலை 70 முதல் 80 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவந்து, வேகமாகக் கலக்கியபடி 25 சதவீத அம்மோனியா 10 மி.லி. சேருங்கள். வினைக்குத் தேவையானது 40 மில்லிமோல் ஹைட்ராக்சைடு. இது அதைவிட மூன்று மடங்குக்கு மேல். ஆரஞ்சாக இருந்த கரைசல் அம்மோனியா பட்ட கணத்தில் கறுப்பாகும். பழுப்பாகவே நின்றுவிட்டால் ஃபெரஸ் போதவில்லை அல்லது ஆக்சிஜன் உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். அதை வைத்துக்கொண்டு மேலே போவதில் பயனில்லை. கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

அம்மோனியாவை ஒரே தடவையில், நல்ல கலக்கலோடு சேர்த்தால் ஏராளமான கருக்கள் ஒரே நேரத்தில் தோன்றித் துகள் சிறிதாக வரும். சொட்டுச் சொட்டாக விட்டால் முதலில் தோன்றியவை வளர்ந்துகொண்டே போக, பின்னால் வந்தவை சிறிதாக நின்று, அளவு பரந்துவிடும். பிஹெச் 10 பக்கம் இருக்கட்டும். 30 நிமிடம் வைத்து, அப்புறம் ஆறவிடுங்கள்.

படி 3: கழுவுதல்

குடுவைக்கு வெளியே நியோடைமியம் காந்தத்தை வைத்தால் கறுப்புத் துகள் சுவரில் ஒட்டும். மேலே தெளிந்த நீரை வடித்துவிடலாம். மூன்று நான்கு தடவை ஆக்சிஜன் நீக்கிய நீரில் கழுவினால் குளோரைடும் அம்மோனியாவும் போகும்.

கழுவக் கழுவ பிஹெச் 7-ஐ நெருங்கும். மேக்னடைட்டின் மேற்பரப்பு மின்னூட்டம் சுழியாவது ஏறத்தாழ அங்கேதான். விலக்கும் மின்னூட்டம் இல்லையென்றால் துகள்கள் கைகோத்துத் திரண்டுவிடும். பூச்சில்லாத துகளை அந்த நிலையில் இரவு முழுவதும் விட்டுவிட்டு, காலையில் வந்து பூசலாம் என்று திட்டமிடாதீர்கள். உலர்த்திப் பொடியாக்கி வைப்பது அதைவிட மோசம். பிறகு எத்தனை மணி நேரம் சோனிகேட் செய்தாலும் (மீயொலியால் அதிரவைத்தாலும்) பழைய தனித்துகள் திரும்பாது. கழுவி முடித்ததும் அதே நாளில் பூச்சுக்குப் போய்விடுங்கள்.

படி 4: சிட்ரேட் பூச்சு

கற்றுக்கொள்ளச் சிறந்தது இது. சிட்ரிக் அமிலத்தில் மூன்று கார்பாக்சில் தொகுதிகள் உண்டு. ஒன்றிரண்டு இரும்பைப் பிடித்துக்கொள்ள, மீதி வெளியே எதிர்மின்னூட்டத்தோடு நீட்டிக்கொண்டிருக்கும்.

கழுவிய துகளை 100 மி.லி. நீரில் எடுத்து, 1 கிராம் சிட்ரிக் அமிலத்தை 2 மி.லி. நீரில் கரைத்துச் சேருங்கள். அம்மோனியா விட்டு பிஹெச்சை 5 அருகே கொண்டுவாருங்கள். அதற்குக் கீழே விட்டுவிட்டால் சிட்ரிக் அமிலம் இரும்பையே கரைத்து எடுக்கத் தொடங்கும். கரைசல் மஞ்சளாவது அதன் அடையாளம். நைட்ரஜன் ஓட்டத்தில், 90 டிகிரியில், 60 முதல் 90 நிமிடம் கலக்குங்கள். ஆறிய பின் பிஹெச் 7-க்கு ஏற்றி, 12–14 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு; அதைவிடச் சிறியவை மட்டும் வெளியேறும்) டயாலிசிஸ் பையில் இட்டு இரண்டு நாள், தண்ணீரை அடிக்கடி மாற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

பூச்சு பிடித்திருக்கிறதா என்று உடனே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. சிறு குப்பியில் எடுத்துப் பக்கத்தில் காந்தத்தை வையுங்கள். பூச்சில்லாத துகள் சில நொடிகளில் சுவரில் திரண்டு, தண்ணீர் தனியே தெளிந்துவிடும். நன்றாகப் பூசியது அப்படிப் பிரியாது. கறுப்புத் திரவம் முழுவதுமே காந்தப் பக்கம் சாய்ந்து ஏறும், காந்தத்தை எடுத்ததும் சமதளத்துக்குத் திரும்பும். நீர்த்த கரைசலாக இருந்தால் கையடக்கக் காந்தத்துக்கு அசையவே அசையாது. காந்தம் இழுக்கவில்லையே என்று பதற வேண்டாம். இது நல்ல அறிகுறி.

துகளின் மேற்பரப்பு மின்னூட்டத்தைக் காட்டும் ஜீட்டா பொட்டென்ஷியல் –30 மில்லிவோல்ட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் இருந்தால் திருப்தி. ஆனால் சிட்ரேட்டின் பலம் முழுவதும் மின் விலக்கலில்தான். 0.9 சதவீத சலைனில் (உப்புக் கரைசல்) கலந்தால் அந்த மின்னூட்டத்தை உப்பு மறைத்துவிடும். சில மணி நேரத்தில் அடியில் படிவதைப் பார்க்கலாம். செல் வளர்ப்பு ஊடகத்திலும் இதே கதை. சிட்ரேட்டை அடித்தளமாக எடுத்துக்கொள்ளுங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள்.

படி 5: டெக்ஸ்ட்ரான் பூச்சு

உடலுக்குள் போக வேண்டிய துகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது டெக்ஸ்ட்ரான். சர்க்கரைச் சங்கிலி துகளைச் சுற்றி அடர்ந்த தண்ணீர்ப் போர்வைபோல நிற்கும். விலக்கல் மின்னூட்டத்தால் வருவதில்லை, இடத்தை அடைத்துக்கொள்வதால் வருகிறது. ஆகவே உப்பு அதைக் கலைக்காது.

இங்கே துகள் உருவாவதும் பூச்சு ஏறுவதும் ஒரே குடுவையில் நடக்கும். மோல்டேயும் மெக்கன்ஸியும் 1982-இல் வெளியிட்ட முறையே இன்றுவரை அடிப்படை. 40 கிலோடால்டன் டெக்ஸ்ட்ரானின் 50 சதவீதக் கரைசல் 10 மி.லி.; அதே அளவு நீரில் ஃபெரிக் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 1.51 கிராம், ஃபெரஸ் குளோரைடு டெட்ராஹைட்ரேட் 0.64 கிராம். இரண்டையும் கலந்து, 7.5 சதவீத அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஹெச் 10–11-க்குக் கொண்டுவந்து, 60–65 டிகிரி நீர்க்குளியலில் 15 நிமிடம். இங்கே சொட்டாக விடுவது பரவாயில்லை. பாகுபோன்ற டெக்ஸ்ட்ரான் துகளின் வளர்ச்சியைத் தடுத்துவிடும். பிறகு 600 ஜி வேகத்தில் 5 நிமிடம் மையவிலக்கு செய்தால் பெரிய கட்டிகள் அடியில் போகும்; மேலே நிற்பதுதான் நமக்கு வேண்டியது.

ஒட்டாத டெக்ஸ்ட்ரானை நீக்குவதில்தான் பொறுமை தேவை. 40 கிலோடால்டன் சங்கிலி 12–14 கிலோடால்டன் பையின் துளை வழியே வெளியேறாது. 100 கிலோடால்டன் மையவிலக்கு வடிகட்டியோ ஜெல் வடிகட்டல் பத்தியோ வேண்டும். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் பிறகு எடுக்கும் எந்த அளவீட்டிலும், எவ்வளவு டெக்ஸ்ட்ரான் துகளில் இருக்கிறது, எவ்வளவு சும்மா மிதக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

டெக்ஸ்ட்ரான் பிடித்திருப்பது ஹைட்ரஜன் பிணைப்புகளால்; நாள்பட நழுவலாம். அதனால் எபிகுளோரோஹைட்ரினால் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து, அம்மோனியாவால் அமைன் தொகுதி ஏற்றும் முறை வந்தது. அந்த அமைனில் பெப்டைடு, ஆன்டிபாடி, ஒளிரும் சாயம் என்று எதையும் கோக்கலாம். எபிகுளோரோஹைட்ரின் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வேதிப்பொருள். அனுபவமுள்ளவர் பக்கத்தில் இல்லாமல் இதைத் தொட வேண்டாம், துகளில் ஒரு துளி மிச்சமும் இருக்கக் கூடாது.

அளவு ஒன்றுபோல வேண்டுமென்றால்

மேலே சொன்ன வெப்பச் சிதைவு முறைதான். சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் தேக்வான் ஹியோன் குழு 2004-இல் காட்டிய வழி: ஃபெரிக் குளோரைடையும் சோடியம் ஓலியேட்டையும் வினைபுரிய வைத்து இரும்பு ஓலியேட் செய்து, ஓலியிக் அமிலத்தோடு 1-ஆக்டடெசீனில் நிமிடத்துக்கு 3.3 டிகிரி வீதம் 320 டிகிரி வரை ஏற்றி, 30 நிமிடம் நிறுத்துவது. ஒரே வினையில் 40 கிராம் ஒரேயளவுத் துகள் எடுத்தார்கள். வெப்பம் ஏறும் வீதம் நிலையாக இருப்பதே இதில் உயிர்நாடி. ஓலியேட்டில் ஈரமோ எத்தனாலோ மிச்சமிருந்தால் சூடேறும்போது பொங்கித் தெறிக்கும்.

வந்த துகளை நீருக்கு மாற்ற எளிய வழி, பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற, நீரை விரும்பும் சங்கிலி) சேர்ந்த பாஸ்போலிபிட். துகளையும் அத்தகைய லிபிட்டான டி.எஸ்.பி.இ.-பெக் 2000-ஐயும் குளோரோஃபார்மில் கலந்து, கரைப்பானை ஆவியாக்கி, மெல்லிய படலமாக நிற்பதில் வெந்நீர் விட்டுக் குலுக்கினால், லிபிட் வால் எண்ணெய்ப் பக்கமும் பெக் நீர்ப் பக்கமுமாகத் துகளைப் போர்த்திக்கொள்ளும். டோபமைன் நுனி கொண்ட பெக்கால் ஓலியிக் அமிலத்தையே இடம்பெயர்ப்பது இன்னொரு வழி; பூச்சு மெலிதாக வரும்.

படி 6: அளந்து பார்த்தல்

எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டுவது உள்ளே இருக்கும் இரும்பு ஆக்சைடை மட்டும். டி.எல்.எஸ். (ஒளிச்சிதறலால் அளவை அறியும் கருவி) காட்டுவது பூச்சையும் நீர்ப் போர்வையையும் சேர்த்த அளவை. முன்னது 8 நானோமீட்டர், பின்னது 35 என்று வந்தால் முரண்பாடு ஏதுமில்லை. முன்னது 8, பின்னது 400 என்று வந்தால் திரண்டிருக்கிறது. எக்ஸ்-கதிர் விளிம்புச் சிதறலில் தாமிரக் கதிருக்கு 30.1, 35.5, 43.1, 57.0, 62.6 டிகிரிகளில் உச்சங்கள் வரும். மேக்னடைட்டையும் அதன் ஆக்சிஜனேற்ற வடிவமான மாக்ஹமைட்டையும் இதை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. உச்சங்கள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழும். சிறிய துகள்களில் இரண்டும் கலந்தே இருக்கும் என்பதால், ‘இரும்பு ஆக்சைடு’ என்று எழுதுவதே நேர்மை.

காந்த அளவீட்டில் கட்டி மேக்னடைட்டின் தெவிட்டு காந்தமாக்கம் கிராமுக்கு சுமார் 92 இ.எம்.யு. (காந்தமாக்கத்தின் அலகு). நானோதுகளில் 60–75 வந்தாலே நல்லது. மேற்பரப்பில் உள்ள எலக்ட்ரான் சுழற்சிகள் (ஸ்பின்) ஒழுங்காக அணிவகுக்காததால் குறையும். பூச்சின் எடையைக் கழிக்காமல் கணக்கிட்டால் இன்னும் குறைவாகத் தோன்றும். எனவே கிராம் இரும்புக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள்.

இரும்பின் செறிவைக் கண்டுபிடிக்க ஐ.சி.பி. (தனிமங்களை அளக்கும் பிளாஸ்மா கருவி) இல்லாவிட்டாலும் பரவாயில்லை. துகளை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, ஹைட்ராக்சிலமைனால் எல்லாவற்றையும் ஃபெரஸாக்கி, ஆர்த்தோ ஃபினான்த்ரோலின் சேர்த்து 510 நானோமீட்டரில் உட்கவர்ச்சியை அளந்தால் போதும். கல்லூரி ஆய்வகத்திலேயே முடியும். துகள் முழுதாகக் கரையும் வரை காத்திருப்பது முக்கியம். கரையாமல் மிஞ்சும் இரும்பு கணக்கில் வராது, அடுத்து வரும் ரிலாக்சிவிட்டி (ஒரு மில்லிமோல் இரும்பு நீரின் தளர்வை எவ்வளவு வேகப்படுத்துகிறது என்ற எண்) போலியாக உயர்ந்துவிடும்.

படி 7: எம்.ஆர்.ஐ.யில் ரிலாக்சிவிட்டி

லிட்டருக்கு 0.05 முதல் 0.4 மில்லிமோல் இரும்பு வரை ஐந்தாறு செறிவுகளைச் சிறு குழாய்களில் தயாரியுங்கள். 1 சதவீத அகரோஸில் கலந்தால் ஸ்கேன் முடியும் வரை படியாது. அகரோஸ் மட்டும் உள்ள குழாய் ஒன்றும் கூடவே இருக்கட்டும். குமிழ் இருந்தால் அதுவும் கறுப்பாகத் தெரிந்து ஏமாற்றும். பல எதிரொலி கொண்ட ஸ்பின் எக்கோ வரிசையில் டி2-ஐ அளந்து, 1/டி2-ஐச் செறிவுக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். அதன் சரிவுதான் ஆர்2. அதிகச் செறிவில் கோடு வளைந்தால் டி2 இயந்திரம் அளக்கக்கூடியதைவிடக் குறுகிவிட்டது. அந்தப் புள்ளியை விட்டுவிட்டு இன்னும் நீர்த்து அளக்கவும்.

ஃபெருமாக்ஸிடாலுக்கு 1.5 டெஸ்லாவில் ஆர்2 சுமார் 89, ஆர்1 (இதேபோல 1/டி1-இலிருந்து வரும் சரிவு) சுமார் 15; இரண்டும் லிட்டருக்கு ஒரு மில்லிமோல் இரும்புக்கு, நொடிக்கு என்ற அலகில். உங்கள் எண்ணை இதோடு ஒப்பிடும்போது புலமும் வெப்பநிலையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆர்2 மிக அதிகமாக, 300, 400 என்று வந்தால் மகிழ்வதற்கு முன் டி.எல்.எஸ். பாருங்கள். துகள்கள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்தாலும் ஆர்2 உயரும். கட்டிதட்டிய மோசமான மாதிரி அழகான எண் தரக்கூடிய இடம் இது.

படி 8: உடலைப் போன்ற சூழலில்

தூய நீரில் ஆறு மாதம் நிலையாக நின்றது என்பதற்கு மருத்துவத்தில் மதிப்பு குறைவு. துகளை சலைனிலும், 10 சதவீத சீரம் கலந்த ஊடகத்திலும், 37 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து 0, 1, 4, 24 மணிகளில் டி.எல்.எஸ். எடுங்கள். சீரத்தில் புரதம் ஒட்டுவதால் சில நானோமீட்டர் கூடுவது இயல்பு. பல மடங்கானால் பூச்சு போதாது, படி 4-க்கோ 5-க்கோ திரும்ப வேண்டும்.

செல் சோதனைக்கு முன் 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டி, முன்னும் பின்னும் இரும்பை அளந்து எவ்வளவு இழந்தீர்கள் என்று பாருங்கள். பாதி இரும்பு வடிகட்டியில் தங்கினால் பெரிய திரள்கள் இருந்திருக்கின்றன. வடிகட்டல் பாக்டீரியாவை நிறுத்தும், எண்டோடாக்சினை (பாக்டீரியாவின் உறையிலிருந்து வரும் நச்சு) நிறுத்தாது. டெக்ஸ்ட்ரானும் கண்ணாடிப் பாத்திரங்களும் அதைக் கொண்டுவரும். எண்டோடாக்சினைக் கண்டறியும் எல்.ஏ.எல். சோதனை செய்யாமல் விலங்கில் செலுத்தினால், வரும் காய்ச்சலுக்கும் அழற்சிக்கும் துகள் காரணமா, எண்டோடாக்சின் காரணமா என்று சொல்லவே முடியாது. அந்தச் சோதனையிலும் ஒரு கவனம்: துகளின் பழுப்பு நிறம் நிறமானி முறையில் குறுக்கிடும். தெரிந்த அளவு எண்டோடாக்சினைச் சேர்த்த மாதிரி ஒன்றையும் கூடவே ஓட்டி, சேர்த்தது முழுதாகத் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சேமிப்பு 4 டிகிரியில், கழுத்து வரை நிரப்பிய மூடிய குப்பியில். ஃப்ரீசரில் வைத்தால் பனிப்படிகம் துகள்களை நெருக்கித் திரட்டிவிடும். உறைய வைத்து உலர்த்தியே ஆக வேண்டுமென்றால் சுக்ரோஸ் போன்ற காப்புப் பொருள் சேருங்கள். குப்பியின் மேல் தேதி, இரும்புச் செறிவு, அன்றைய டி.எல்.எஸ். அளவு மூன்றையும் எழுதி வையுங்கள். மாதக்கணக்கில் கறுப்பு பழுப்பாக மாறுவது ஆக்சிஜனேற்றம்தான். காந்தமாக்கம் சற்றுக் குறையும்; எனவே அடுத்த ஸ்கேனுக்கு முன் ஆர்2-ஐ மறுபடி அளந்துகொள்ளுங்கள்.